வார இறுதியில் மட்டும் நிதானமாக ஓடிய ஆறு

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கொலராடோ ஆற்றை மறித்து நிற்கிறது கிளென் கேன்யன் அணை. 2018 மே முதல் ஆகஸ்ட் வரை, சனி ஞாயிறுகளில் மட்டும் அங்கிருந்து தண்ணீர் ஏற்ற இறக்கமின்றி, குறைந்த அளவில், ஒரே சீராக விடப்பட்டது. திங்கள் விடிந்தால் வழக்கம்போல் பகலில் கூடும், இரவில் குறையும். ஆற்றோரப் பாறைகளில் பூச்சிகள் இட்டுவைத்த முட்டைகள் காய்ந்துபோகாமல் இருப்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. 1,320 மெகாவாட் மின்சாரம் தயாரிக்கும் திறன் கொண்ட ஒரு அணை பூச்சி முட்டைக்காக இறங்கிவந்தது என்றால், அதற்குப் பின்னால் இருபது ஆண்டுப் பேச்சு இருந்திருக்க வேண்டும். இருந்தது.

அணையின் உயரம் 216 மீட்டர். 1963-ல் அதன் மதகுகள் மூடப்பட்டன. பின்னால் தேங்கிய பவல் ஏரி நிரம்ப 17 ஆண்டுகள் பிடித்தன. முன்னால் இருப்பதோ கிராண்ட் கேன்யன். அணைக்கு முந்தைய கொலராடோ செம்பழுப்பு நிறச் சேற்று ஆறு. குளிர்காலத்தில் உறைநிலையை நெருங்கும். கோடையில் நம் ஊர்க் குளத்துத் தண்ணீர்போல் வெதுவெதுப்பாகும். பனி உருகும் மாதங்களில் வினாடிக்கு 80,000 கன அடியைத் தாண்டி வெள்ளம் வருவது அதற்குப் புதிதல்ல. அணை வந்த பிறகு வண்டல் ஏரியிலேயே தங்கிவிட்டது. ஏரியின் ஆழத்திலிருந்து வெளியே வந்தது தெளிந்த, பச்சை நிறத் தண்ணீர். ஆண்டு முழுவதும் 8 முதல் 10 டிகிரி செல்சியஸ் குளிர்.

வெள்ளமும் நின்றது. அதற்குப் பதிலாக வந்தது தினசரி அலை. ஃபீனிக்ஸ் போன்ற பாலைவன நகரங்களில் ஏ.சி. ஓடும் நேரத்தில் மின் தேவை எகிறும், அணை அதிகத் தண்ணீரை விடும். ஊர் தூங்கினால் ஆறும் வற்றும். 1990 வரை ஒரே நாளில் 3,000 கன அடிக்கும் 30,000 கன அடிக்கும் இடையே ஆறு ஊசலாடியதுண்டு. மாலையில் கரையில் கட்டிய படகு காலையில் தரைதட்டிக் கிடக்கும்.

மணல் கரைகள் தேய்வதைப் பார்த்துப் படகோட்டிகளும் சூழலியலாளர்களும் போட்ட சத்தம் அமெரிக்க நாடாளுமன்றம் வரை போனது. 1992-ல் கிராண்ட் கேன்யன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பள்ளத்தாக்கின் இயற்கைக்கும் பண்பாட்டுச் சின்னங்களுக்கும் கேடு குறையும்படி அணையை இயக்க வேண்டும் என்றது சட்டம். எப்படி என்பதை அது சொல்லவில்லை. அதற்காக 1997-ல் 25 உறுப்பினர் கொண்ட ஒரு குழு அமைந்தது. அணையை இயக்கும் கூட்டாட்சித் துறை, தேசியப் பூங்காத் துறை, மீன்வளத் துறை, ஆற்றில் பங்குள்ள ஏழு மாநிலங்கள், ஹோப்பி, நவஹோ, ஹுவாலாபாய், ஸூனி உள்ளிட்ட பழங்குடி அரசுகள், மின்சாரம் வாங்குவோர், தூண்டில்காரர்கள், படகுச் சவாரிக்காரர்கள், சூழல் அமைப்புகள் என எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். பக்கத்திலேயே ஃபிளாக்ஸ்டாஃப் நகரில் ஒரு ஆய்வு மையம். குழு பேசும், மையம் அளக்கும், உள்துறை அமைச்சர் முடிவெடுப்பார். குழுவுக்குப் பரிந்துரைக்கும் உரிமை மட்டுமே உண்டு. இதை மறந்துவிட்டு இந்த ஏற்பாட்டைப் புகழ்பவர்கள் அதிகம்.

இன்னொரு வரம்பும் உண்டு. ஆண்டுக்கு எவ்வளவு தண்ணீர் கீழே போக வேண்டும் என்பது மாநில ஒப்பந்தங்களின் விவகாரம். அதில் குழு கை வைக்க முடியாது. நீண்ட காலம் அந்த அளவு 82.3 லட்சம் ஏக்கர் அடி. நம் கணக்கில் சுமார் 358 டி.எம்.சி., அதாவது மேட்டூர் அணை நாலு தடவை நிரம்புவதற்குச் சற்றுக் குறைவு. எத்தனை கன அடி, எத்தனை டி.எம்.சி. என்று மட்டுமே அணைச் செய்தி படித்துப் பழகிய நமக்கு, மொத்த அளவை அப்படியே வைத்துக்கொண்டு பேசுவதற்கு இன்னும் என்ன மிச்சமிருக்கிறது என்று தோன்றலாம். என்றைக்கு, எந்த மணிக்கு, எந்த வேகத்தில் என்பது மிச்சமிருக்கிறது. குழுவின் கால் நூற்றாண்டு வேலை முழுவதும் இதற்குள் அடங்கியதுதான். அது சண்டையிடாமல் பிழைத்ததற்கும் இந்தக் குறுகல்தான் காரணம் என்பது என் கணிப்பு.

முதலில் மணல். கிளை ஓடைகள் கொண்டுவந்து தள்ளும் பாறைக் குவியல்கள் ஆற்றை நெருக்கும் இடங்களில் கரையோரம் தண்ணீர் பின்னோக்கிச் சுழலும். வெள்ள நீர் மணலைச் சுமந்துகொண்டு அந்தச் சுழிக்குள் புகுந்தால் வேகம் இழந்து மணலை இறக்கிவிடும். வெள்ளம் வடிந்ததும் அது உயரமான மணல் மேடாக நிற்கும். படகில் வருபவர்கள் கூடாரம் அடிப்பது அங்கேதான். காற்று அந்த மணலை மேலே வாரிச் சென்று பழங்குடிகளின் தொல்லியல் தடங்களை மூடிக் காக்கிறது. அணைக்குக் கீழே மணல் தருவதற்கு இப்போது பரியா, லிட்டில் கொலராடோ என்ற இரண்டு துணையாறுகளை விட்டால் சொல்லிக்கொள்ளும்படி வேறு வழியில்லை. பழைய மணல் வரத்தில் மிகச் சிறு பங்குதான் அவற்றால் கிடைக்கிறது.

குழு அமைவதற்கு முன்பே, 1996 மார்ச் 26-ல் அன்றைய உள்துறை அமைச்சர் புரூஸ் பாபிட் அணையின் புறவழிக் குழாய்களைத் திறந்துவைத்தார். டர்பைன்களைத் தொடாமல் ஆற்றுக்குள் நேரே பீய்ச்சும் நான்கு குழாய்கள் அவை. நான்கும் சேர்ந்தால் 15,000 கன அடி. டர்பைன் நீரோடு சேர்த்து 45,000 கன அடியாக ஏழு நாள் செயற்கை வெள்ளம் ஓடியது. வடிந்ததும் பார்த்தால் புத்தம் புது மணல் மேடுகள். பத்திரிகைகள் கொண்டாடின. சில மாதங்களில் பெரும்பாலானவை கரைந்தன.

அளந்து பார்த்ததில் தெரிந்த சங்கதி சுவையானது. துணையாறுகள் தரும் மணல் ஆற்றடியில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருக்கும், வெள்ளம் அதைக் கிளப்பி மேலே ஏற்றும் என்று நினைத்துத் திட்டமிட்டிருந்தார்கள். ஆனால் அப்படிச் சேமிப்பு எதுவும் இல்லை. பரியா கொண்டுவரும் மணலை அணையின் அன்றாட நீரோட்டமே சில வாரங்களிலும் மாதங்களிலும் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. 1996 வெள்ளம் செய்தது, ஏற்கெனவே இருந்த மேடுகளின் அடிப்பகுதியைச் சுரண்டி அதே மேடுகளின் தலையில் வைத்ததுதான்.

ஆகவே அடுத்த வெள்ளம் நாள் பார்த்து விடப்பட்டது. கோடை, இலையுதிர்கால மழையில் பரியா பெருகி மணல் கொண்டுவந்த கையோடு, 2004 நவம்பரில் 60 மணி நேரம் மட்டும் 41,000 கன அடி. துணையாற்றுக்கு அருகில் மேடுகள் நன்றாக வளர்ந்தன. தொலைவில் மணல் போதவில்லை. 2012-ல் இது விதியானது. துணையாறுகளில் கருவி வைத்து மணல் வரத்தைக் கணக்கிட வேண்டும். போதுமான அளவு வந்திருந்தால் வெள்ளம், இல்லையேல் இல்லை. அந்த விதிப்படி 2012, 2013, 2014, 2016, 2018 நவம்பர்களில் வெள்ளம் விடப்பட்டது. குழாய் வழியே போகும் ஒவ்வொரு கன அடியும் மின்சாரம் ஆகாமல் போகும் கன அடி. மின்சாரம் வாங்குவோர் முணுமுணுத்தார்கள், ஆனால் மேசையை விட்டு எழுந்து போகவில்லை.

பூச்சிக்கு வருவோம். கிராண்ட் கேன்யன் ஆற்றில் மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை போன்ற, மீன்கள் விரும்பித் தின்னும் பூச்சிகள் ஏறக்குறைய இல்லை. குளிர்தான் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்பட்டது. நானூறு கிலோமீட்டர் பள்ளத்தாக்கில் ஆற்றுக்கு இறங்கும் சாலை ஏறக்குறைய கிடையாது. ஆய்வாளர்கள் எத்தனை தடவை படகில் போய்ப் பூச்சி பிடிப்பார்கள்? 2012 முதல் ஆய்வு மையம் படகு வழிகாட்டிகளிடம் உதவி கேட்டது. ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதில் கொஞ்சம் சாராயம், மேலே ஒரு புறஊதா விளக்கு. பொழுது சாய்ந்ததும் முகாமில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, விழுந்த பூச்சிகளைப் புட்டியில் அடைத்து அனுப்ப வேண்டும். இப்படி 2,500-க்கும் மேற்பட்ட மாதிரிகள் சேர்ந்தன.

அவற்றை இடவாரியாக அடுக்கியபோது விசித்திரமான ஒன்று தெரிந்தது. மிட்ஜ் என்னும் கடிக்காத சிறு பூச்சிகள் சில இடங்களில் ஏராளம், அதற்கு அடுத்த நீட்டில் சொற்பம், மறுபடி ஏராளம். ஆற்றின் நீளம் முழுவதும் அலை அலையாக இந்தக் கணக்கு ஏறி இறங்கியது. விடை அணையின் தினசரி அலையில் இருந்தது. காலையில் அணையில் கிளம்பும் உயர்நீர் பள்ளத்தாக்கின் கடைசிவரை போய்ச் சேர நாட்கள் ஆகும். அதனால் ஒரே அந்திப்பொழுதில் ஓரிடத்தில் நீர் ஏறியிருக்கும், இன்னோரிடத்தில் இறங்கியிருக்கும். மிட்ஜ் முட்டையிடுவது அந்தியில், நீர்மட்டத்தின் விளிம்பில். நீர் ஏறியிருக்கும் இடத்தில் இட்டால், சில மணி நேரத்தில் நீர் இறங்க, முட்டை வெயிலில் காயும். இறங்கியிருக்கும் இடத்தில் இட்டால் நீர் மேலேறி முட்டையை மூடிக் காக்கும். மற்ற பூச்சிகள் விளிம்புப் பாறையில் முட்டைகளைப் பசைபோட்டு ஒட்டுவன. அவற்றுக்குத் தப்ப வழியே இல்லை. குளிரைவிட அலைதான் பெரிய எமன் என்று 2016-ல் ஆய்வுக் கட்டுரை வந்தது.

மின் தேவை எப்போது குறைவு? சனி, ஞாயிறு. அந்த இரண்டு நாளும் நீரைத் தாழ்த்திச் சீராக வைத்தால் அப்போது இடும் முட்டைகள் வாரம் முழுக்க நீருக்கடியிலேயே இருக்கும். விட்டுப்போன தண்ணீரை வார நாட்களில் சேர்த்து விட்டுக்கொள்ளலாம். யாருக்கும் பெரிய நஷ்டமில்லாத யோசனை. 2018-ல் தொடங்கி அடுத்த இரண்டு கோடைகளிலும் செய்தார்கள். அரிதாயிருந்த கேடிஸ் என்னும் நீர்ப்பூச்சிகள் வழிகாட்டிகளின் புட்டிகளில் கணிசமாகக் கூடின.

எல்லாக் கேள்விக்கும் அளவுகோலில் விடை கிடைப்பதில்லை. ஹம்ப்பேக் சப் என்ற கூன்முதுகு மீன் உலகில் கொலராடோ வடிநிலத்தில் மட்டுமே வாழ்வது. அதன் முக்கிய இருப்பிடம் லிட்டில் கொலராடோ சேரும் இடம். அங்கே தூண்டில்காரர்களுக்காகக் கொண்டுவந்து விடப்பட்ட ரெயின்போ டிரவுட் மீன்கள் சப் குஞ்சுகளைத் தின்கின்றன என்று, 2003 முதல் 2006 வரை மின்சாரம் பாய்ச்சி இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அயல் மீன்களை அப்புறப்படுத்திக் கொன்றார்கள். அறிவியல்படி அது நியாயம். ஸூனி மக்கள் எதிர்த்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கும் சங்கமமும் அவர்களுக்குப் புனித நிலம், அங்குள்ள உயிர்கள் உறவுகள். அங்கே கும்பலாகக் கொல்வது தங்கள் மக்கள்மீதே கேடாகத் திரும்பும் என்றார்கள். பின்னர் வந்த திட்டங்களில் மீனை உயிரோடு பிடித்து வேறிடம் கொண்டுபோகும் வழி சேர்க்கப்பட்டது. தொடக்கத்தில் இதை இடையூறாகப் பார்த்த விஞ்ஞானிகளும் உண்டு. என்னைக் கேட்டால், குழுவுக்கு உண்மையான அருகதை வந்தது அந்தச் சர்ச்சைக்குப் பிறகுதான். சப் மீன் 2021-ல் ‘அழியும் நிலை’ப் பட்டியலிலிருந்து ஒரு படி இறங்கி ‘அச்சுறுத்தலுக்கு உள்ளானது’ என்ற நிலைக்கு வந்தது.

அதே 2021-ல் பரியா ஏராளமாக மணல் கொண்டுவந்தது. விதிப்படி நவம்பரில் வெள்ளம் விட்டிருக்க வேண்டும். விடவில்லை. வறட்சியில் பவல் ஏரி அவ்வளவு கீழே போயிருந்தது. ஆண்டு ஒதுக்கீடே மறு வருடம் 70 லட்சம் ஏக்கர் அடியாகச் சுருங்கியது.

ஏரி இறங்கினால் இன்னொரு வம்பு. மேல்பரப்பின் சூடான தண்ணீர் டர்பைன் வாய்க்கு அருகே வந்துவிடுகிறது. அதோடு சேர்ந்து ஏரியின் ஸ்மால்மவுத் பாஸ் மீன்களும் வந்தன. டிரவுட்டைவிடப் பன்மடங்கு பெருந்தீனி தின்பவை. 2022 கோடையில் அவற்றின் குஞ்சுகள் அணைக்குக் கீழே அகப்பட்டன. ஆறு சூடானதால் இனப்பெருக்கம் தொடங்கிவிட்டது. 2024 ஜூலையிலிருந்து, டர்பைன் வாயைவிட ஏறக்குறைய நூறு அடி ஆழத்தில் இருக்கும் புறவழிக் குழாய்கள் வழியாகக் குளிர்ந்த நீரைக் கலந்து விட்டு ஆற்றைக் குளிரவைத்தார்கள். அந்த ஆண்டு புதுக் குஞ்சுகள் தென்படவில்லை. இழந்த மின்சாரத்தின் மதிப்போ கோடிக்கணக்கான டாலர். வார இறுதிப் பூச்சி ஏற்பாட்டைப்போல் இதைச் சிரித்த முகத்தோடு ஏற்க மின்சாரக்காரர்களால் முடியவில்லை.

இதற்கிடையே 2023 ஏப்ரலில் 72 மணி நேரம் மணல் வெள்ளம் ஒன்று விடப்பட்டது. அதன் பிறகு குழாய்களைச் சோதித்தபோது உட்புறம் அரிக்கப்பட்டிருந்தது. ஏரி தாழ்ந்திருக்கும்போது வேகமாக ஓடும் நீரில் குமிழிகள் உருவாகி வெடித்து உலோகத்தைக் கொத்திவிடுகின்றன. உள்பூச்சு புதிதாகப் போட வேண்டியதாயிற்று. மணல் ஏற்றவும் பாஸ் மீனைத் தடுக்கவும் குழுவுக்கு இருப்பவை இந்த நான்கு குழாய்கள்தான். கடல் மட்டத்திலிருந்து 3,490 அடிக்குக் கீழே ஏரி போனால் டர்பைன்கள் நின்றுவிடும். அப்போது கீழே உள்ள மாநிலங்களுக்குத் தண்ணீர் அனுப்பவும் இவை மட்டுமே மிஞ்சும். 2023 தொடக்கத்தில் ஏரி 3,520 அடியைத் தொட்டது.