பார்க்குமுன்னே பழி சுமந்த படம்

1977 மார்ச் 9. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் துப்பாக்கி ஏந்திய 12 பேர் மூன்று கட்டடங்களைக் கைப்பற்றினர். ஒன்று யூத அமைப்பொன்றின் தலைமையகம். மற்றொன்று நகராட்சிக் கட்டடம். மூன்றாவது, அந்நகரின் இஸ்லாமிய மையம்! 149 பேர் பணயக் கைதிகளாயினர். 24 வயதே ஆன வானொலிச் செய்தியாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இக்குழுவின் தலைவர் ஹம்மாஸ் அப்துல் காலிஸ். 1973இல் அவருடைய இல்லத்தினுள் புகுந்த கொலைஞர்கள் பச்சிளங்குழந்தைகள் உட்பட ஏழு பேரைக் கொன்றிருந்தனர். அவர்களைத் தம்மிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அவருடைய முதற் கோரிக்கை. இன்னொரு கோரிக்கையோ, அமெரிக்காவில் அப்போது திரைக்கு வரவிருந்த ‘முஹம்மத், இறைவனின் தூதர்’ என்னும் ஆங்கிலப் படத்தை நிறுத்த வேண்டும் என்பது. பிற்காலத்தில் ‘தி மெஸேஜ்’ என்று பெயர் மாற்றம் பெற்ற படம் இதுவே.

ஹாலிவுட் நடிகர் ஆண்டனி குவின், அண்ணல் நபி (ஸல்) அவர்களாக நடித்திருக்கிறார் என்னும் வதந்தியே இக்கொதிப்புக்குக் காரணம். உண்மை என்ன? அவர் ஏற்றது வீரர் ஹம்ஸா (ரலி) அவர்களின் வேடம். பெருமானார் (ஸல்) அவர்களின் உருவமோ குரலோ அப்படத்தில் எங்கும் இடம்பெறவில்லை. அன்னாரின் துணைவியரும், புதல்வியரும், முதல் கலீஃபாக்களும்கூடக் காட்டப்படவில்லை. அலீ (ரலி) அவர்களின் இருப்பை அவர்களுடைய வாள் மட்டுமே உணர்த்துகிறது.

“படத்தை அவர்களுக்குப் போட்டுக் காட்டுகிறேன், அவர்கள் மனம் புண்பட்டால் அதை அழித்துவிடுகிறேன்” என்ற கருத்துப்பட இயக்குநர் அறிவித்தார். கேட்பார் யார்? இறுதியில் எகிப்து, பாகிஸ்தான், ஈரான் ஆகிய மூன்று நாடுகளின் தூதர்கள் நேரில் சென்று பேசினர். திருமறையின் போதனைகளை எடுத்துரைத்தனர். ஏறத்தாழ 39 மணி நேரத்திற்குப் பின் கைதிகள் விடுதலையாயினர்.

யார் அந்த இயக்குநர்?

சிரியா நாட்டின் அலெப்போ நகரில் பிறந்தவர் முஸ்தஃபா அக்காத். அமெரிக்கா சென்று திரைக்கலை பயின்றவர். மேலைநாட்டாருக்கு இஸ்லாத்தை அறிமுகம் செய்ய வேண்டும் என்னும் வேட்கையில் இப்படத்தைத் தொடங்கினார். ஆங்கிலத்தில் ஒன்று, அரபியில் ஒன்று என இரண்டு படங்களை ஒரே நேரத்தில் எடுத்தார். ஒரு காட்சியை ஆங்கில நடிகர்கள் நடித்து முடித்ததும், அதே இடத்தில் அரபு நடிகர்கள் நடிப்பார்கள். அரபிப் படத்தில் ஹம்ஸா (ரலி) அவர்களின் வேடத்தை ஏற்றவர் எகிப்திய நடிகர் அப்துல்லாஹ் கைஸ்.

கெய்ரோவின் அல்அஸ்ஹர் அறிஞர்கள் திரைக்கதைக்கு முதலில் இசைவளித்து, பின்னர் அதனை விலக்கிக் கொண்டனர். மொராக்கோவில் மக்கா நகரையே செயற்கையாக எழுப்பிப் படப்பிடிப்பு நடந்தது. சில மாதங்களில் சவூதி அரசின் எதிர்ப்பால் மொராக்கோ அரசு அதனை நிறுத்திவிட்டது. எஞ்சிய பகுதிக்கு இடமும் பொருளும் தந்தவர் லிபியாவின் கடாஃபி. ஆக, படம் வெளிவருமுன்பே அரபு நாடுகளின் அரசியல் அதனுள் புகுந்துவிட்டது.

இத்தனை இடையூறுகளுக்கும் நடுவே, பிரெஞ்சு இசையமைப்பாளர் மாரிஸ் ஜார் அமைத்த இசை ஆஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. விருது ‘ஸ்டார் வார்ஸ்’ படத்திற்குப் போய்ச் சேர்ந்தது.

ஐரோப்பாவும் விலக்கல்ல

கருத்தைக் கண்டு அஞ்சுவோர் கீழை நாடுகளில் மட்டுமே உள்ளனர் என எண்ண வேண்டாம். அக்காத் அடுத்து எடுத்தது ‘லயன் ஆஃப் தி டெஸர்ட்’ (1981). இத்தாலிய ஆதிக்கத்தை எதிர்த்துப் போராடி, 1931இல் தூக்கிலிடப்பட்ட லிபிய மாவீரர் உமர் முக்தாரின் வரலாறு அது. தன் இராணுவத்தின் மானத்திற்கு இழுக்கு என்று கூறி 1982இல் இத்தாலி அதனைத் தடை செய்தது. 2009இல் கடாஃபி ரோமாபுரிக்கு வருகை தந்தபோதுதான் இத்தாலியத் தொலைக்காட்சியில் அது காட்டப்பட்டது. உமர் முக்தார் கைதான புகைப்படத்தைத் தம் மார்பில் அணிந்தே கடாஃபி விமானத்திலிருந்து இறங்கினார்!

நம்மவர் மீதும் ஒரு பழி

2015இல் ஈரானிய இயக்குநர் மஜீத் மஜீதி, நபிகளாரின் இளமைப் பருவத்தைப் படமாக்கினார். அதற்கு இசையமைத்தவர் நம் ஏ.ஆர். ரஹ்மான். மும்பையைச் சேர்ந்த ரஸா அகாடமி அவருக்கெதிராக ஃபத்வா பெற்று வெளியிட்டது. தாம் படத்தை இயக்கவோ தயாரிக்கவோ இல்லை, இசை மட்டுமே அமைத்ததாக ரஹ்மான் கண்ணியமாக விளக்கம் அளித்தார். கடுஞ்சொல்லுக்குக் கடுஞ்சொல் தொடுக்கவில்லை.

முடிவு

2005 நவம்பர் 9. ஜோர்தான் தலைநகர் அம்மானின் தங்கும் விடுதிகளில் அல்காயிதாவினர் குண்டு வெடித்தனர். அக்காத்தின் அருமை மகள் மாண்டார். படுகாயமுற்ற அக்காத்தும் இரு நாட்களில் உயிர்நீத்தார். இஸ்லாத்தை உலகுக்கு எடுத்துரைக்க முனைந்தவரின் உயிரைப் பறித்தவர்கள், இஸ்லாத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டவர்களே!

காலம் உருண்டது. 2018இல் சவூதி அரேபியாவில் திரையரங்குகள் மீண்டும் திறக்கப்பட்டன. அவ்வாண்டே, எந்த நாட்டின் எதிர்ப்பால் படப்பிடிப்பு நின்றதோ அந்நாட்டின் திரையில் ‘அர்ரிஸாலா’ ஓடியது.

நபிமார்களின் வரலாற்றைத் திரையில் காட்டுவது கூடுமா, கூடாதா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கூடாது என்போரின் ஆதாரங்களும் மதிக்கத்தக்கவையே. அது கற்றறிந்தோர் அமர்ந்து ஆராய வேண்டிய விஷயம். ஆனால் வாஷிங்டனில் நடந்தது ஆராய்ச்சியன்று. யாரோ சொன்னதைக் கேட்டு எழுந்த சினம், படத்தோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத ஓர் இளைஞரின் சாவோடு கலந்துபோனது. ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரியுங்கள், அறியாமையால் பிறருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்தாதீர்கள் என்று அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்கு அறிவுறுத்துகிறது.

வதந்தி அன்று வாய்வழியே நடந்தது. இன்று கைப்பேசி வழியே பறக்கிறது. நம் இல்லத்துப் பிள்ளைகள் ஒரு செய்தியைக் கொதிப்போடு கொண்டுவந்து காட்டும்போது, “இதை நீ பார்த்தாயா? படித்தாயா?” என்று ஒருமுறை கேட்போம். அந்தக் கேள்வி ஓர் உயிரையும் காக்கக்கூடும்.