பிஞ்சராபோலும் ஜீவகாருண்யமும்

உத்தியோகத்தின் பொருட்டு வட மாநிலங்களிலும் மேற்கு மாநிலங்களிலும் வந்து குடியேறிய தமிழர்கள், நம் ஊர்ப்பக்கம் அவ்வளவாகக் காணாத ஸ்தாபனம் ஒன்றை இங்கே அடிக்கடி காண்கிறார்கள். தானிய வியாபாரியின் கடையில் பசுவின் படம் ஒட்டிய உண்டியல் ஒன்று இருக்கும். நகரின் பழைய பகுதியில், பெரிய வாயிலொன்றின் மேல் ‘கோசாலை’ என்றோ ‘பிஞ்சராபோல்’ என்றோ எழுதியிருக்கும். அமாவாசையன்றும் பெற்றோர் திதியன்றும் பசுவுக்கு அகத்திக்கீரை கொடுத்துப் பழகிய நம்மவர்கள், அகத்தி கிடைக்காத ஊரில் அதற்கு ஈடாக இவ்விடங்களில் பசும்புல்லுக்குப் பணம் கட்டி ரசீது பெற்று வருகிறார்கள். நானும் பல ஆண்டுகள் அவ்வாறு கட்டி வந்தவனே.

ஓராண்டு என் தந்தையாரின் திதியன்று, ரசீது எழுதுபவர் வர நேரமாயிற்று. காத்திருந்த வேளையில் கொட்டிலின் பின்புறம் நடந்து சென்றேன். முன்கட்டில், தானம் செய்வோர் தம் கையால் புல் கொடுப்பதற்கென்று கொழுத்த பசுக்கள் சில கட்டப்பட்டிருந்தன. பின்கட்டிலோ கணுக்கால் ஆழச் சேற்றில் கிழமாடுகள் நெருங்கி நின்றன. எழுந்து நிற்க இயலாத எருது ஒன்று தண்ணீர்த் தொட்டிக்குப் பத்தடி தூரத்தில் கிடந்தது. அதன் விலாப்புண்ணில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. நிர்வாகியிடம் சொன்னேன். அவர் சினங்கொள்ளவில்லை. “நாங்கள் எதையும் கொல்வதில்லை, ஐயா, அதனதன் காலம் வரும்போது போகிறது” என்றார். அந்த விடை என் மனத்தில் தங்கிவிட்டது. கொல்லாமை ஒன்றே ஜீவகாருண்யம் ஆகுமா என்பதே இங்கு ஆராயத்தக்க கேள்வி.

முதலில் இந்த ஸ்தாபனத்தின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். மனிதருக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ வசதி செய்ததாக அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு கூறுகிறது. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவுக்கு வந்த ஆங்கில வணிகர் ரால்ஃப் ஃபிட்ச், காம்பே நகரில் நாய், பறவை முதலியவற்றுக்கு மருத்துவ இல்லங்கள் இருந்ததைக் குறித்து வைத்திருக்கிறார். ‘பிஞ்சரா’ என்றால் கூண்டு. ‘போல்’ என்பது குஜராத்தி நகரங்களில் வாயிற்கதவுடன் கூடிய குடியிருப்பைக் குறிக்கும் சொல். கோசாலை மாடுகளுக்கு உரியது. பிஞ்சராபோல் எல்லாப் பிராணிகளுக்கும் உரியது. பெரும்பாலும் சமண, வைணவ வணிகர்கள் தம் வியாபாரத்தின்மீது தாமே விதித்துக்கொண்ட சிறு மகமையால் இவை நடந்து வந்தன. பம்பாயில் 1832-இல் தெருநாய்களைக் கொல்ல அதிகாரிகள் முற்பட்டபோது பெருங்கலகம் விளைந்தது. அதன்பின் 1834-இல் ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் உள்ளிட்ட வணிகர்களின் முயற்சியால் புலேஷ்வர் பகுதியில் பிஞ்சராபோல் ஏற்பட்டது. கொல்லவேண்டாம், நாங்கள் காப்பாற்றுகிறோம் என்று பொறுப்பை ஏற்றுக்கொண்ட அச்செயல் போற்றுதற்குரியது.

ஆனால் ஏற்றுக்கொண்ட பொறுப்பு நிறைவேறுகிறதா என்ற கேள்வியும் நெடுங்காலமாக எழுந்து வந்திருக்கிறது. அதனை வன்மையாக எழுப்பியவர்களுள் ஒருவர், அஹிம்சையையே தம் உயிர்மூச்சாகக் கொண்ட காந்தியடிகள். 1926-இல் அகமதாபாத்தில் ஆலை முதலாளி ஒருவர் ஏறத்தாழ 60 தெருநாய்களைக் கொல்லச் செய்தார். ஜீவதயை சங்கத்தார் காந்தியடிகளிடம் முறையிட்டனர். அவரோ கொன்றவரைக் கண்டிக்கவில்லை. தெருவில் திரியும் நாய்க்கு ஒரு கவளம் எறிந்துவிட்டுப் புண்ணியம் தேடிக்கொண்டு, அதனைப் பேணும் பொறுப்பை எவரும் ஏற்காத சமூகத்தையே கண்டித்து, ‘யங் இந்தியா’வில் தொடர்ந்து எழுதினார். 1928-இல் சபர்மதி ஆசிரமத்தில், பிழைக்க வழியில்லாமல் வேதனைப்பட்ட கன்றுக்குட்டி ஒன்றை மருத்துவரைக் கொண்டு ஊசி போட்டு உயிர் நீங்கச் செய்தார். நாடெங்கும் கண்டனக் கடிதங்கள் குவிந்தன. அவர் முடிவை ஏற்காதவர்கள் அன்றும் பலர், இன்றும் பலர். எனினும் அவர் எழுப்பிய வினாவிலிருந்து தப்ப முடியாது: வேதனையைத் தீர்க்கவும் மாட்டேன், முடிக்கவும் மாட்டேன் என்று ஒதுங்கி நிற்பவன், தன் கையில் இரத்தக்கறை இல்லை என்பதனாலேயே அருளாளன் ஆவானா?

இதில் கணக்கும் அடங்கியிருக்கிறது. ஏறத்தாழ 400 கிலோ எடையுள்ள மாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ உலர்தீவனம் வேண்டும். 100 மாடுகளுக்கு நாளைக்கு ஒரு டன். ஆண்டுக்கு 365 டன். மாடு 15 முதல் 20 ஆண்டு வரை உயிர்வாழக்கூடியது. ஆகவே பால் வற்றிய பசு ஒன்றை ஏற்பதென்பது பல்லாண்டுக் கடமையை ஏற்பதாகும். தானமோ பண்டிகைக் காலத்தில் பெருகி, கோடையில் வற்றுகிறது. அன்றியும் காளைகளையும் பசுக்களையும் பிரிக்காமல் அடைத்தால் கன்றுகள் பிறந்து கூட்டம் பெருகும். புதிதாக வந்த மாட்டைத் தனியே வைத்துப் பார்க்காமல் உள்ளே விட்டால் நோய் பரவும். இவ்வாறு, ஒன்றையும் மறுக்காத நல்லெண்ணமே அனைத்தையும் பட்டினி போடும் நிலைமைக்குக் காரணமாகி விடுகிறது.

இது வெறும் கற்பனையன்று. 2016-ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில், ஜெய்ப்பூர் நகராட்சியின் பொறுப்பிலிருந்த ஹிங்கோனியா கோசாலையில், ஊதியம் கிடைக்காத தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ய, மழைச் சேற்றில் சிக்கியும் தீவனமின்றியும் இரண்டு வாரத்தில் ஏறத்தாழ 500 மாடுகள் இறந்ததாகச் செய்திகள் வெளியாயின. பின்னர் அதன் நிர்வாகம் தர்ம ஸ்தாபனம் ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. 2017 ஆகஸ்டில் சத்தீஸ்கர் மாநிலத்துத் துர்க் மாவட்டத்தில், அரசு மானியம் பெற்று வந்த ஒரு கோசாலையில் மாடுகள் பட்டினியால் மாண்டன என்ற புகாரின்பேரில் அதை நடத்தியவர் கைது செய்யப்பட்டார்.

ஸ்தாபனங்களின் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. டிராக்டர் வந்தபின் உழவு மாட்டுக்கு வேலை குறைந்தது. பால் வேண்டுமாயின் பசு கன்று ஈன வேண்டும். ஈனும் கன்றுகளில் பாதி காளைக்கன்றுகளே. அவற்றையும் பால் வற்றிய பசுக்களையும் வைத்துக் காப்பாற்ற இயலாதவர்கள் தெருவில் விட்டுவிடுகிறார்கள். 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் ஆதரவின்றித் திரியும் மாடுகள் ஏறத்தாழ 50 லட்சம். போலீசார் பிடித்துவரும் மாடுகளும் இக்கொட்டில்களுக்கே வருகின்றன. நாம் காலையில் அருந்தும் காப்பிக்குப் பால் கொடுத்த பசுவே பின்கட்டுச் சேற்றில் நிற்கிறது என்பதை நினைத்தால், கோசாலை நிர்வாகியை மட்டும் குற்றவாளியாக்கிவிட்டு நாம் நழுவிவிட முடியாது.

இனிச் சட்டம் என்ன கூறுகிறது என்பதைப் பார்ப்போம். இதில் தமிழர் பெருமைகொள்ளத்தக்க செய்தி ஒன்று உண்டு. 1952-இல் ராஜ்ய சபைக்கு நியமிக்கப்பட்ட ஸ்ரீமதி ருக்மிணி தேவி அருண்டேல், பிராணிகளைக் காக்கும் பொருட்டுத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசாங்கமே சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு உறுதியளித்ததன்பேரில் அதை அவர் திரும்பப் பெற்றார். அதன் பயனாக 1960-இல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962-இல் சென்னையில் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவரானார். அவ்வாரியத்தின் தலைமையகம் 2018-இல் ஹரியானாவின் ஃபரீதாபாத் மாவட்டத்துக்கு மாற்றப்பட்டது.

பிராணியைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் எவரும் அதன் நலத்தைப் பேணவும், தேவையற்ற வேதனையைத் தடுக்கவும் கடமைப்பட்டவர் என்பது அச்சட்டத்தின் 3-ஆம் பிரிவு. தர்ம ஸ்தாபனத்துக்கு அதில் விலக்கு இல்லை. போதிய உணவும் நீரும் தங்குமிடமும் அளிக்கத் தவறுவது 11-ஆம் பிரிவின்படி உரிமையாளரின் குற்றம். ஆயினும் அச்சட்டம் முதற்குற்றத்துக்கு விதித்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரையே! உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்னும் நிலையிலுள்ள பிராணியின் வேதனையை முறைப்படி முடிப்பதற்கு 13-ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஆகவே அதனைத் தீர ஆராயாமல் பாவமென்றோ புண்ணியமென்றோ சொல்லிவிடுவது பொருந்தாது. உச்சநீதிமன்றம் 2014-இல் அளித்த தீர்ப்பொன்றில், பசி, தாகம், வலி, நோய், அச்சம் முதலியவற்றிலிருந்து விடுதலையும், இயல்பாக நடந்துகொள்ளும் உரிமையும் விலங்குகளுக்கு உண்டென்று வலியுறுத்தியது.

அப்படியாயின் தானம் செய்யும் நாம் செய்யத்தக்கது யாது? உண்டியலை வெறுத்து ஒதுக்குவதன்று. ஒதுக்கினால் பட்டினி கிடப்பவை மாடுகளே. தானம் செய்யுமுன் பின்கட்டையும் பார்க்கக் கேளுங்கள். இந்த ஆண்டு எத்தனை பிராணிகள் வந்தன, எத்தனை இறந்தன, என்ன காரணத்தால் இறந்தன என்று பதிவேட்டில் எழுதியிருக்கிறதா என்று வினவுங்கள். கால்நடை மருத்துவர் எந்தெந்த நாட்களில் வருகிறார், நோயுற்றவற்றுக்குத் தனிக்கொட்டில் உண்டா, படுத்துவிட்ட மாட்டின் வாய்க்கருகே தண்ணீர் வைக்கப்படுகிறதா என்று கவனியுங்கள். இடத்துக்கும் தீவனத்துக்கும் தக்க அளவே ஏற்றுக்கொள்கிறார்களா என்றும் கேளுங்கள். நல்ல ஸ்தாபனம் இக்கேள்விகளை வரவேற்கும். பதில் சொல்ல மறுக்கும் இடத்தில் பணம் கட்டுவது, கண்ணை மூடிக்கொண்டு புண்ணியத்தை விலைக்கு வாங்குவதேயாகும்.

மறு ஆண்டு என் தந்தையாரின் திதிக்கு நான் புல்லுக்குப் பணம் கட்டவில்லை. வேறொரு கொட்டிலில், மருந்துக்கும், படுத்த மாடுகளைப் புரட்டிப் படுக்கவைக்கும் ஆளின் கூலிக்கும் கொடுத்தேன். அங்கும் மாடுகள் இறக்கின்றன; ஆனால் ஒவ்வொன்றும் எந்நாளில், எதனால் இறந்தது என்று ஒருவர் எழுதி வைக்கிறார். கொல்லாமை அறத்தின் முதற்படி. அப்படியிலேயே நின்றுவிடாமல், நம்மிடம் அடைக்கலமாக வந்த உயிரின் துன்பத்தை அருகிருந்து பார்ப்பதும் பொறுப்பேற்பதுமே ஜீவகாருண்யம் எனப்படும்.