வரி நோட்டீஸ்: கட்டுவதா, வழக்காடுவதா?



ஜி.எஸ்.டி. பாக்கி என்று நோட்டீஸ் வந்தால் நம்மில் சிலர் பயந்து உடனே கட்டிவிடுகிறோம். சிலர், "பார்த்துக்கொள்ளலாம்" என்று கிடப்பில் போட்டுவிடுகிறோம். இரண்டுமே நஷ்டம். முதலில் பில்களைப் புரட்டுவோம்.

2022 ஜூலை 18 முதல், சிப்பமாக அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு 25 கிலோ வரை இருந்தால் 5 சதவீத வரி. அதற்கு மேற்பட்ட மூட்டைக்கும், பிரித்துச் சில்லறையாக நிறுத்துக் கொடுப்பதற்கும் வரி இல்லை. 30 கிலோ மூட்டைக்கு வரி கேட்டால் பில்லைக் காட்டி எதிர்க்கலாம். 25 கிலோ சிப்பத்தை வரியின்றி விற்றிருந்தால் கட்டுவதே மேல்.

கணக்கைப் பாருங்கள். வரி ரூ.2,00,000 என்றால் ஆண்டு வட்டி 18 சதவீதம், ரூ.36,000. மோசடிக் குற்றச்சாட்டு இல்லாத நோட்டீஸில், வரியையும் வட்டியையும் கெடுவுக்குள் கட்டினால் அபராதம் இல்லை. 2023-24 வரையிலான கணக்குகளுக்குக் கெடு 30 நாள். 2024-25 முதல் 60 நாள். தவறினால் அபராதம் 10 சதவீதம், ரூ.20,000. வாடிக்கையாளரிடம் வசூலித்த வரியைக் கட்டாதவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

உத்தரவு கிடைத்து 3 மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். வழக்காடும் வரியில் 10 சதவீதத்தை முன்பணமாகக் கட்ட வேண்டும். ஜெயித்தால் அது திரும்பும். தோற்றால் அத்தனை நாள் வட்டியும் நம் தலையில்தான்.

பாதி சரி, பாதி தவறு என்றால் சரியானதைக் கட்டிவிட்டு மீதிக்குப் பதில் தரலாம். நோட்டீஸ் இணையதளத்தில்தான் ஏற்றப்படுகிறது. தபாலுக்குக் காத்திருக்காமல் வாரம் ஒருமுறை பார்ப்போம். பில் கையில் இருந்தால் வாதாடுவோம். இல்லாவிட்டால் கெடுவுக்குள் கட்டிவிட்டு வியாபாரத்தைக் கவனிப்போம்.