மேசைமேல் ஒரு முற்றுகை

மதுரைக் கோட்டை முற்றுகையைப் படித்த மாணவர் சிலர், அதனைப் பொம்மைப் போராக ஆடிப்பார்க்க விழைந்தனர். “கான்சாகிபு தூக்கிலேறிய வரலாறு உங்களுக்கு விளையாட்டா?” என்று பெரியவர் ஒருவர் வருந்தினார். அவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணம்.

பொம்மைப் போர் சிறுவர்க்கே உரியதன்று. பிரஷ்யப் படையினர் 1824 முதல் அதனைப் பயிற்சியாகவே கொண்டனர். ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913இல் அதற்கென ஒரு நூலே எழுதினார். அவர்தம் பொம்மைப் பீரங்கி, சுருள்வில்லின் விசையால் மரத்துண்டை எறிவது.

நம் மாணவர்க்கு அத்தகைய பொம்மை வாங்க வசதியில்லை, கழிபொருள்களே கைகொடுத்தன. எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்பது அவர்கள் கொண்ட அளவு. (மதுரைக் கோட்டையின் கொத்தளங்களும் எழுபத்திரண்டு என்பர், இது தற்செயலே.) அக்காலத்தில் மதிலுடைக்கப் பயன்பட்ட 24 இராத்தல் பீரங்கியின் குழல் ஏறத்தாழ 2.9 மீட்டர் நீளமும் 15 சென்டிமீட்டர் உள்விட்டமும் உடையது. சிறிதாக்கினால் நீளம் 4 சென்டிமீட்டர், உள்விட்டம் 2 மில்லிமீட்டர். தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனா ரீபிலில் ஒரு துண்டு இதற்குப் பெரிதும் பொருந்துகின்றது! அதன்மேல் பசை தடவிய தாளை, பின்புறம் பருத்தும் வாய்ப்புறம் மெலிந்தும் வருமாறு சுற்றிக் கருமை பூசினர். தையல் எந்திரப் பாபினின் துளையிட்ட இரு வட்டுகளும் சக்கரங்களாயின. குடைக்கம்பித் துண்டே அச்சு. இப்பீரங்கி சுடாது, குண்டு பட்டதா என்பதைத் தாயக்கட்டை சொல்லும். பட்டாசுத் திரியைத் திணிக்க முற்பட்ட ஒருவனை நல்லவேளையாகத் தடுத்தோம்.

பீரங்கி பொருந்திற்று, தொலைவுதான் பொருந்தவில்லை. மதிலுக்கு ஒரு சாண் தள்ளிப் பீரங்கியை நிறுத்தியிருந்தனர். உண்மையில் அது ஏறத்தாழ 16 மீட்டர். மதில்மேல் நிற்பவன் கல்லெறிந்தே பீரங்கி வீரரை வீழ்த்திவிடுவான். 400 மீட்டருக்கு அப்பாலிருந்து சுடுவதாகக் கொண்டால் ஐந்தரை மீட்டர் இடைவெளி வேண்டும். மேசை போதாது, ஆட்டம் கல்லூரி நடைக்கூடத்திற்கு மாறிற்று.

அங்கேதான் முற்றுகையின் கடுமை விளங்கிற்று. அவ்வெளி முழுவதையும் பதுங்குகுழி வெட்டியே கடக்க வேண்டும். கடந்தால் அகழி, அதன்பின் இரட்டை மதில். 1763 செப்டம்பரில் தொடங்கிய முற்றுகை மழையால் நவம்பரில் கைவிடப்பட்டது. மறு ஆண்டு மேஜர் காம்பெல் தலைமையில் கும்பினிப்படை மீண்டும் சூழ்ந்தது. 1764 ஜூன் 26ஆம் நாள் நடத்திய நேரடித் தாக்குதலும் முறியடிக்கப்பட்டது. அதன்பின் உணவு புகாமல் வழிகளை அடைத்தனர். அக்டோபர் 13 அன்று தொழுகையில் இருந்த கான்சாகிபைப் பிடித்துக் கொடுத்தவர்கள் அவருடன் இருந்தவர்களே. 15ஆம் நாள் தூக்கு.

மாணவர் நடைக்கூடத்தில் ஏழுமுறை ஆடினர். ஐந்துமுறை கோட்டை விழவில்லை. ஆறாம் ஆட்டத்தின்போது அப்பெரியவர் வந்து நின்றார். நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, “உள்ளே எத்தனை நாளைக்கு அரிசி இருக்கிறதென்று கணக்கு வைத்தீர்களா?” என்று கேட்டார். வைக்கவில்லை. ஏழாம் ஆட்டத்திற்கு அவரே தீக்குச்சிகளை எண்ணி வைத்தார்.