தோட்டமும் தோட்டாவும்

துப்பாக்கியைப் பார்க்க வேண்டும் என்றுதான் போனேன். பெரியவர் உள்ளே போய் எடுத்து வந்து காட்டியது ஒரு காகிதத் துண்டு!

காங்கயத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். கொங்கு நாட்டில் தோட்டம் என்றால் வாசகர்கள் பூந்தோட்டத்தை நினைத்துவிடக் கூடாது. ஒரு கிணறு, அதைச் சுற்றிப் பயிரும் தென்னையும், நடுவிலே வீடு, மாட்டுக் கொட்டகை, இவ்வளவும் சேர்ந்ததுதான் தோட்டம். தஞ்சாவூர்ப் பக்கம் போல வீடுகள் தெருவாக ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. இது பெரும்பாலும் கிணற்றை நம்பிய சீமை. கவலை ஓட்டி நீர் இறைத்த காலத்தில், கிணறு எங்கே இருந்ததோ அங்கேயே குடும்பமும் குடியேறியது. ஆகவே ஒரு வீட்டு விளக்குக்கும் அடுத்த வீட்டு விளக்குக்கும் நடுவே பல ஏக்கர் இருட்டு.

"என்ற ஐயன் காலத்து ஒத்தக்குழல் துப்பாக்கிங்க, தம்பி. ஸ்டேஷன்ல ஒப்படைச்சாச்சு. ரசீது மட்டும் இருக்குதுங்க" என்றார் பெரியவர்.

எனக்கு ஆச்சரியம். ஊரெல்லாம் துப்பாக்கி கேட்கிற காலத்தில், இவர் கையில் இருந்ததைக் கொடுத்துவிட்டு ரசீது வாங்கி வைத்திருக்கிறாரே! ஏன் கொடுத்தார் என்பதைப் பிற்பாடு சொல்கிறேன். ஊர் ஏன் கேட்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

* * *

2024-ஆம் ஆண்டு நவம்பர் கடைசியில், திருப்பூர் ஜில்லா பல்லடம் வட்டாரத்துச் சேமலைகவுண்டம்பாளையத்தில், தோட்டத்து வீட்டில் இருந்த வயோதிகத் தாய் தந்தையரும் அவர்கள் மகனும் ஒரே இரவில் கொல்லப்பட்டார்கள். ஆறு மாதம்கூட ஆகவில்லை. 2025-ல் ஈரோடு ஜில்லா சிவகிரி அருகே, தோட்டத்து வீட்டில் தனியே இருந்த ஒரு முதிய தம்பதியும் அவ்விதமே மாண்டார்கள். நகைதான் காரணம். அந்த மே மாதத்தில் போலீசார் சிலரைக் கைது செய்தார்கள். ஆனால் கொங்குச் சீமையில் தோட்டத்து வீடுகளின் தூக்கம் போனது போனதுதான்.

"தனியாக இருக்கும் எங்களுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுங்கள்" என்ற குரல் அப்போதுதான் பலமாக எழுந்தது. அது நியாயமற்ற குரல் என்று யாரும் தள்ளிவிட முடியாது. அவசரத்துக்குப் போலீசைக் கூப்பிட்டால், ஜீப் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்? திருடனுக்கு அவ்வளவு நேரம் வேண்டுமா?

* * *

சட்டம் என்ன சொல்கிறது? 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 1962 அக்டோபரில் அமலுக்கு வந்தது. தற்காப்புக்காகத் துப்பாக்கி வேண்டுமென்று கேட்க அதில் பேஷாக வழி இருக்கிறது. ஜில்லா கலெக்டரிடம் விண்ணப்பம் போட வேண்டும். கோவை மாநகருக்குள் என்றால் போலீஸ் கமிஷனரிடம். வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். போலீஸ் விசாரணை நடக்கும். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆயுதத்தைப் பத்திரமாகக் கையாளப் பயிற்சியும் பெற வேண்டும். ஒருவர் மூன்று வரை வைத்துக்கொள்ளலாம் என்றிருந்ததை 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டாகக் குறைத்துவிட்டது.

பயிரைக் காக்கவும் லைசென்ஸ் உண்டு. ஆனால் பயிரை அழிக்கும் காட்டுப் பன்றியைச் சுட வேண்டுமானால், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி வேறு அனுமதி வேண்டும். அரிவாள்மனையைக் கையில் கொடுத்துவிட்டுக் காயை நறுக்காதே என்பது போல! அது தனிக் கதை. அதற்கு இன்னொரு வாரம் வேண்டும்.

தேர்தல் வந்தால் பெரும்பாலான லைசென்ஸ் துப்பாக்கிகள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விடும். 2024-ல் மார்ச் 16-ந் தேதி தேர்தலை அறிவித்தார்கள். ஏப்ரல் 19-ந் தேதி நாம் ஓட்டுப் போட்டோம். எண்ணியதோ ஜூன் 4-ந் தேதி! அதுவரை தோட்டத்துத் துப்பாக்கிகளும் ஸ்டேஷனில் ஓய்வெடுத்தன. "திருடன் தேர்தலுக்கு லீவு விடுவானா?" என்று விவசாயிகள் கேட்டால், சிரித்துவிட்டுப் போக முடியவில்லை.

* * *

இந்த வாதம் நமக்குப் புதிதல்ல. பாளையக்காரர் போர் முடிந்த கையோடு, 1801 டிசம்பர் 1-ந் தேதி சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் ஒரு பிரகடனம் செய்தார். பாளையங்களில் கோட்டைகள் இடிபட வேண்டும், ஆயுதங்கள் பறிபோக வேண்டும் என்பதே அதன் சாரம். கொங்கு வீரன் தீரன் சின்னமலை 1805-ல் சங்ககிரியில் தூக்கில் தொங்கினான். 1878-ல் லிட்டன் பிரபு கொண்டு வந்த ஆயுதச் சட்டம், வெள்ளைக்காரருக்கு விலக்குக் கொடுத்துவிட்டு இந்தியனை மட்டும் லைசென்ஸ் கேட்டது. அந்த அவமானம் தேசபக்தர்கள் மனத்தில் முள்ளாகத் தைத்தது. 1931-ல் கராச்சிக் காங்கிரஸ், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையையும் பிரஜைகளின் உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது.

ஆனால் சுயராஜ்யம் வந்த பிறகு என்ன நடந்தது? 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில், இதை அடிப்படை உரிமையாக்க வேண்டும் என்று எச்.வி. காமத் திருத்தம் கொண்டு வந்தார். டாக்டர் அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. நம் அரசியல் சட்டம் தந்தது வேறு விதமான உரிமை: ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை.

அமெரிக்கா எதிர்த் திசையில் போயிற்று. 1791-ல் ஆயுதம் தாங்கும் உரிமையை அரசியல் சட்டத்திலேயே எழுதிக்கொண்டார்கள். அங்கே இன்று மனிதர்களைவிடத் துப்பாக்கிகள் அதிகம். பள்ளிக் குழந்தைகளுக்குக்கூட, சுடுகிறவன் வந்தால் எப்படி ஒளிந்துகொள்வது என்று ஒத்திகை நடத்துகிறார்கள். ஆஸ்திரேலியாவில் 1996-ல் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். உடனே சட்டத்தை இறுக்கி, ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகளை அரசே விலை கொடுத்து வாங்கி அழித்தது.

அந்தத் தேசங்கள் கிடக்கட்டும். காங்கயத்துத் தோட்டத்தில் ஒரு துப்பாக்கி என்ன செய்தது? அதைக் கேளுங்கள்.

* * *

"எலெக்‌ஷன் முடிஞ்சு துப்பாக்கி ஊட்டுக்கு வந்துருச்சுங்க" என்று ஆரம்பித்தார் பெரியவர். "பொறகு பல்லடத்துக்காரங்க சமாச்சாரம் கேட்டதுல இருந்து தலமாட்டுலயே வெச்சுட்டுப் படுப்பனுங்க. ஒரு நாள் நடுச்சாமம். நாய் கத்துச்சு. எந்திரிச்சு வெளிய வந்தா, கெணத்து மேட்டுல ஒரு ஆளு. 'ஆருடா?'ன்னேன். சத்தமில்லீங்க. துப்பாக்கியத் தூக்கிட்டேன்."

கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. அவர் மனைவிதான் முடித்தார்:

"அக்கட்டாலத் தோட்டத்துப் பையன், கண்ணு. ராத்திரி கரண்டு வந்துச்சுன்னு மோட்டார் போட வந்திருக்குது. காதுல பாட்டு மாட்டியிருந்ததுல இவிக கூப்பிட்டது கேக்கல. நான் ஓடிப் போயி இவிக கையப் புடிச்சேன். அந்தப் பையன் நான் தூக்கி வளத்துனது!"

மறு நாளே பெரியவர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டார்.

"திருடன் என்னிக்கோ ஒரு நாள் வருவான், கண்ணு. பயம் தினமும் வருது. கோவம் அதுக்கு முன்னால வருது. வரப்புச் சண்டை, பங்காளிச் சண்டைன்னு எத்தன பாத்திருக்கறோம்! அப்பவெல்லாம் கைக்கு எட்டுற தூரத்துல அது இருக்கக் கூடாதுங்க" என்றார் அந்த அம்மாள்.

* * *

வாசகர்களே! லைசென்ஸ் கேட்பவர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. எழுபது வயதில் துப்பாக்கி கேட்கும் ஒருவர் உண்மையில் என்ன கேட்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். முன்பு அந்தத் தோட்டத்தில் மகன், மருமகள், பேரப் பிள்ளைகள், பண்ணையாட்கள், நாலு மாடு, இரண்டு நாய் எல்லாம் இருந்தன. திண்ணையில் நின்று ஒரு குரல் கொடுத்தால் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பதில் குரல் வரும். இன்றைக்கு மகன் பெங்களூரில், மகள் சிங்கப்பூரில். மிஞ்சியது இரண்டு கிழ உயிர்களும் ஒரு நாயும். காலியான வீட்டை நிரப்பத்தான் துப்பாக்கி கேட்கிறார்கள்.

கூடாது என்று சொல்வது சர்க்காருக்குச் சுலபம். சொன்னால் காவல் பொறுப்பைத் தானே ஏற்க வேண்டும். சிவகிரிச் சம்பவத்துக்குப் பிறகு ரோந்தைக் கூட்டினார்கள். காமிரா பொருத்தச் சொன்னார்கள். நல்லதே. பரபரப்பு அடங்கிய பிறகும் அந்த ரோந்து நிற்காமல் இருக்க வேண்டும். ஓர் இரவு ரோந்து வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கவும் ஆள் வேண்டும்.

மிச்சப் பொறுப்பு நம்முடையது.

நான் புறப்படும்போது இருட்டிவிட்டது. சரியாக எட்டு மணிக்கு அந்த அம்மாள் செல்போனை எடுத்து ஓர் எண்ணை அழுத்தினார். மணி இரண்டு தடவை அடித்ததும் வைத்துவிட்டார். சற்று நேரத்தில் அதே போனில் மணி இரண்டு தடவை அடித்து நின்றது.

"மோட்டார் போட வந்த பையன்தான், கண்ணு. நாங்க நல்லாருக்கறோம், அவிகளும் நல்லாருக்கறாங்கன்னு அர்த்தம். தினமும் எட்டு மணிக்கு. எங்களுக்குச் சத்தம் வரலைன்னா அந்தப் பையன் டார்ச் எடுத்துக்கிட்டு ஓடி வந்துரும்."

உங்கள் தாய் தந்தையர் தோட்டத்தில் தனியே இருக்கிறார்களா? இன்று இரவு எட்டு மணிக்கு அவர்கள் போனில் மணி அடிக்கட்டும். அதற்கு லைசென்ஸ் வேண்டியதில்லை.