கெட்ட கோப்பைப் படிக்கும் நிரல் என்ன செய்ய வேண்டும்?

கணினி விளையாட்டில் நாம் எட்டிய கட்டமும் கணக்கு நிரலில் உள்ளிட்ட விவரமும் நினைவகத்தில் ஆப்ஜெக்ட்களாக இருக்கின்றன. மின்சாரம் போனால் அவையும் போய்விடும். அதனால் அவற்றை வரிசையான பைட்டுகளாக்கி வட்டில் எழுதுகிறார்கள். இதுதான் சீரியலைசேஷன். எழுதும்போது வட்டு நிறைந்துவிடலாம். பாதியில் கணினி நின்றுபோகலாம். படிக்கும் நேரத்தில் நிரலின் பதிப்பே மாறியிருக்கலாம். இவற்றையெல்லாம் நிரலரால் தடுக்க முடியாது. வந்த பிழையை மறைக்காமல் சொல்வதும் பழைய தரவைக் காப்பதும் அவர் கையில்தான் இருக்கின்றன.

பிழையைக் கண்டுபிடிக்கக் கோப்பே உதவ வேண்டும். 1996இல் வெளியான பிஎன்ஜி படக் கோப்பு வடிவத்தைப் பாருங்கள். அதன் முதல் எட்டு பைட்டுகள் எப்போதும் 137, 80, 78, 71, 13, 10, 26, 10. நடுவிலுள்ள 80, 78, 71 மூன்றும் பி, என், ஜி என்ற எழுத்துகள். ஏழு பிட் மட்டுமே கடத்தும் வழியில் கோப்பு போனால் 137 என்பது 9 ஆகிவிடும். வரிமுடிவுக் குறிகளை யாராவது மாற்றியிருந்தால் 13, 10 கலைந்திருக்கும். இந்த எட்டு பைட்டுகளைத் தொடர்ந்து தரவு துண்டு துண்டாக வரும்; ஒவ்வொரு துண்டின் முடிவிலும் நான்கு பைட் சரிபார்ப்பு எண் உண்டு. படிக்கும் நிரல் அதைத் தானே கணக்கிட்டு ஒப்பிடலாம். ஜாவா நிரல்மொழியும் ஆப்ஜெக்டைச் சேமிக்கும்போது அதன் வகுப்புக்கு ஒரு பதிப்பு எண்ணை எழுதிவைக்கிறது. படிக்கும்போது எண் பொருந்தாவிட்டால் பொதுவாக ஆப்ஜெக்டை உருவாக்க மறுத்துப் பிழை எழுப்புகிறது.

ஒரு பைட் கெட்டதற்காகக் கோப்பு முழுவதையும் ஒதுக்குவது முறையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். எதை விட்டுவிடலாம் என்பதை முன்கூட்டியே வகுத்துவைப்பதே அதற்குத் தீர்வு. பிஎன்ஜியில் துண்டின் பெயர் சிறிய எழுத்தில் தொடங்கினால், அதை அறியாத நிரல் தாண்டிச் செல்லலாம். பெரிய எழுத்தில் தொடங்கினால், அதை அறியாத நிரல் பிழை என்று அறிவிக்க வேண்டும். இப்படி வகுக்காமல், பிழையை விழுங்கிவிட்டு வெற்று ஆப்ஜெக்டுடன் வேலையைத் தொடர்வதுதான் ஆபத்து. அடுத்த தானியங்கிச் சேமிப்பில் அந்த வெறுமையே பழைய கோப்பின் மேல் எழுதப்படும். மீட்டிருக்கக்கூடிய தரவும் அத்துடன் அழியும்.

சேமிக்கும்போதும் இதே எச்சரிக்கை தேவை. பழைய கோப்பை எழுதத் திறந்தாலே பெரும்பாலும் அதன் உள்ளடக்கம் காலியாகிவிடும். ஆகவே தற்காலிகக் கோப்பில் முழுவதும் எழுதி, அது வட்டில் பதிந்ததை உறுதிசெய்த பிறகே பழைய பெயருக்கு மாற்ற வேண்டும். இதனால் நேரம் வீணாகும் என்பார்கள். சற்றுத் தாமதம் ஆகும் என்பது உண்மைதான். ஆனால் அழிந்த தரவை எவ்வளவு வேகமான கணினியாலும் திருப்பித் தர முடியாது. நிரல் எழுதுவோர் சேமிப்புப் பகுதியை எழுதும் நாளிலேயே பிழைகளுக்கான வழியையும் எழுதிவிட வேண்டும்.