அஞ்சு முட்டை எடையில ஒரு ஏரோபிளேன்!

நாமக்கல் மாவட்டத்துக்காரங்களுக்கு எடையைப் புரியவைக்க முட்டையைவிட நல்ல அளவுகோல் கிடையாது. ஒரு முட்டை சுமார் 50 கிராம். அஞ்சு முட்டை 250 கிராம். வீட்டிலேயே ரிமோட் விமானம் செய்யும் ஆசை இருந்தால், இந்த 250-ஐ முதலில் நோட்டில் எழுதிவையுங்கள். 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை 'நானோ' வகை. அதை ஓட்ட பைலட் சான்றிதழ் தேவையில்லை. அதுக்காக எங்க வேணும்னாலும் பறக்கவிடலாம்னு அர்த்தம் இல்லை. உங்கள் இடம் பச்சை மண்டலத்தில் இருக்கிறதா என்று டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அஜித்துக்கு ஏரோமாடலிங் பிடிக்கும் என்பது தெரிந்த கதை. குரோம்பேட்டை எம்.ஐ.டி-யின் 'தக்‌ஷா' மாணவர் குழுவுக்கு அவர் 2018-ல் ஆலோசகராக இருந்தார். அந்தக் குழு ஆஸ்திரேலியா வரை போய் ட்ரோன் போட்டியில் இரண்டாமிடம் பிடித்தது. அவங்களுக்கு லேப் இருக்கு, கார்பன் ஃபைபர் இருக்கு. மல்லசமுத்திரத்தில் பிளஸ் டூ படிக்கிற ஒருத்தர் என்ன செய்வார்?

பெரும்பாலும் செய்வது இதுதான்: 'விழுந்தா உடையக் கூடாது' என்று கனமான பொருளாகப் பார்த்து எடுப்பார். அங்கேதான் சிக்கல். எடை இரண்டு மடங்கானால், கீழே விழாமல் பறக்கத் தேவைப்படும் குறைந்தபட்ச வேகம் 1.4 மடங்காகிறது. எடையும் இரட்டிப்பு, வேகமும் கூடுதல் என்பதால், தரையில் மோதும்போது தாங்க வேண்டிய ஆற்றல் நாலு மடங்கு! உறுதிக்காகச் சேர்த்த எடையே விமானத்தை உடைக்கிறது. லேசான விமானம் மெதுவாக வரும், கடலைக்காட்டு மண்ணில் பொத்தென விழும், தட்டிவிட்டு மறுபடி எடுத்து விடலாம்.

கணக்கைப் பாருங்க. 80 செ.மீ நீளம், 15 செ.மீ அகலம், 1 செ.மீ கனத்தில் ஓர் இறக்கை. தெர்மாகோலில் வெட்டினால் சுமார் 24 கிராம், அதாவது அரை முட்டை. அதையே பால்சா மரக்கட்டையில் முழுசாகச் செய்தால் 190 கிராமைத் தொடும். 'பால்சாதானே பெஸ்ட்?' என்பீர்கள். உண்மைதான். ஆனால் அதை யாரும் கட்டையாக வைப்பதில்லை. மெல்லிய விலா எலும்புகள் மாதிரி வெட்டி அடுக்கி, மேலே படலம் ஒட்டுவார்கள். அதுக்குப் பொறுமையும் காசும் வேணும். தென் அமெரிக்க மரம் அது, நீங்கள் அநேகமாக ஆன்லைனில்தான் வாங்க வேண்டியிருக்கும். முதல் விமானத்துக்கு அது வேண்டாம் என்பதே என் கட்சி.

தெர்மாகோலைக் கேவலமா நினைக்காதீங்க. 1979-ல் மனிதர் ஒருவர் பெடல் மிதித்தே ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிய 'காசமர் அல்பட்ராஸ்' விமானத்தின் இறக்கை விலாக்கள் அந்த வகை நுரைப்பொருள்தான். வளையாமல் தாங்கியது கார்பன் ஃபைபர் குழாய். நுரை வடிவத்தைத் தரும், குச்சி பலத்தைத் தரும். இந்த இரண்டையும் பிரித்துப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கார்பன் குச்சி கிடைக்காவிட்டால், நன்றாகக் காய்ந்த மூங்கில் சிலாகையைச் சீவி, இறக்கையின் நீளவாக்கில் பதித்து ஒட்டுங்கள். பேனர் அடிக்கிற சன்பேக் ஷீட்டும் கிடைக்கும். சொன்ன பேச்சு கேட்கும், உடையாது. ஆனால் கனம். மோட்டார் பொருத்தும் மூக்குப் பகுதிக்கு மட்டும் ஒரு துண்டு வையுங்கள்.

வாலில் மட்டும் கஞ்சத்தனம் காட்டியே ஆகணும். வால் தூரத்தில் இருப்பதால், அங்கே ஒரு கிராம் கூடினால் ஈடுகட்ட மூக்கில் இரண்டு மூன்று கிராம் ஏற்ற வேண்டிவரும். பசையும் எடைதான். தெர்மாகோலில் சூப்பர் க்ளூவைத் தொடாதீர்கள், அரித்துவிடும். ஸ்ப்ரே பெயின்ட்டும் அப்படித்தான். வெள்ளைப் பசையை மெலிசாகத் தடவி, ஒரு ராத்திரி காயவிடுங்கள்.

சின்ன மோட்டார், பேட்டரி, ரிசீவர், ஸ்பீடு கன்ட்ரோலர், 9 கிராம் சர்வோ இரண்டு, எல்லாம் சேர்ந்து சுமார் 100 கிராம். இரண்டு முட்டை போச்சு. மிச்சம் மூணு முட்டைக்குள் உடம்பு, இறக்கை, வால், பசை, டேப் எல்லாம் அடங்கணும். கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு துண்டையும் ஒட்டுவதற்கு முன்னாடியே போட்டுப் பார்க்கணும், ஒட்டின பிறகு குறைக்க முடியாது.

லேசாக இருப்பதற்கு ஒரு விலையும் உண்டு. ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்போது, அஞ்சு முட்டை எம்மாத்திரம்? அந்த மாசங்களில் காற்று அடங்கியிருக்கும் விடியற்காலையில், கரண்ட் கம்பியும் பனைமரமும் இல்லாத காட்டுக்குப் போங்கள். முதல் முறை மோட்டாரை ஓட்டாமல், நெஞ்சு உயரத்திலிருந்து கையால் நேராகத் தள்ளிவிடுங்கள். மூக்கு குத்தினால் பேட்டரியை அரை செ.மீ பின்னால் நகர்த்துங்கள். மூக்கைத் தூக்கி நின்று விழுந்தால் முன்னால். வழுக்கிக்கொண்டு போய் இறங்கும்வரை இதையே செய்யுங்கள், அப்புறம் மோட்டாரைப் போடலாம்.